சின்னவளும் நானும் இரண்டு குதிரைகளும்

அன்பு மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே சரியான நேரத்துக்குத் தூங்கி எழுந்து, முகம் வாடாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உன் சுரங்கப்பாதை மலையின் அந்தப் பக்கம் எட்டிவிட்டதா? மண்ணைச் சோதித்துச் சொல்வது உன் வேலை என்றாலும் உள்ளே போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதே. இதைச் சொல்ல எனக்கு இப்போது முழு உரிமை உண்டு, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

போனிலேயே சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போன புதன்கிழமை உங்கப்பா உன்னிடம் பேசும்போது, சின்னவள் காட்டுக்குள் தனியாகக் குதிரையில் போனாள் என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை உங்கம்மாவிடம் கேள் என்று போனை என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, பன்னிரண்டு வயசுப் பிள்ளையை எப்படி விட்டாய், உனக்கு இந்த வயசில் குதிரை தேவையா என்று பிடித்துக்கொண்டாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உனக்குத் தங்கை மேல் இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால் முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு சின்னவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சண்டை, அழுகை ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்றால் இருந்தது என்பாள், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்வாள். அறைக்குள் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கக் குதிரைப் படம். நூலகத்திலிருந்து எடுத்து வருவதும் குதிரைப் புத்தகம். ஒருநாள் லீவுக்கு அவளை என் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். என் வண்டி கடைசியாக நிற்கிற இடத்துக்குப் பின்னால், மரத்தடுப்பு போட்ட ஒரு பெரிய மைதானமும் குதிரை லாயமும் இருப்பதை இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பியிருக்கிறேன், ஒருநாளும் இறங்கிப் போனதில்லை. அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷ இடைவேளையில் இவள் இறங்கி ஓடிப்போய்த் தடுப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். புறப்படுகிற நேரமாகி ஹாரன் அடித்தேன், திரும்பவே இல்லை. கறுப்பும் சாம்பலும் கலந்த ஒரு சின்னக் குதிரை வந்து அவள் தலைமுடியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் மிளகு.

அப்புறம் அவள் ஒற்றைக்காலில் நின்று அங்கே சேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். உங்கப்பாவிடம் சம்மதம் வாங்குவதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மனுஷனுக்கு உலகமே உடைந்த எலும்பாகத்தான் தெரியும். குதிரையிலிருந்து விழுந்தவர்களுக்கு எந்த எலும்பு முதலில் போகும், எது இரண்டாவது போகும் என்று சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படம் போட்டுக் காட்டினார். சின்னவள் அந்தத் தாளை வாங்கி, அவர் போட்டிருந்த குதிரையின் பின்னங்கால் மடிகிற பக்கம் தப்பு என்று திருத்திக் கொடுத்தாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சரி, போ என்றார்.

ஆறு மாதம் மைதானத்துக்குள்ளேயே சுற்றினாள். பிறகு காட்டுப் பாதையில் சவாரி போக வேண்டும் என்றாள். அங்கே ஒரு விதி இருக்கிறது, பதினாலு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் காட்டுப் பாதைக்குப் போவதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரும் இன்னொரு குதிரையில் கூடவே போக வேண்டும். உங்கப்பா கையை விரித்துவிட்டார். அப்படித்தான் ஐம்பத்தோரு வயசில் உன் அம்மா குதிரை ஏறினாள். எனக்குக் கொடுத்தது பெரியவர் என்று எல்லாரும் கூப்பிடுகிற பழுப்புக் குதிரை. பதினெட்டு வயசு, அகலமான முதுகு, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத சுபாவம். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடியது. லாயத்துக்காரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "டிரைவரம்மா, பிரேக் உங்க முதுகுல இருக்கு. நிமிர்ந்து உட்காருங்க, அவர் தானா நிப்பார்" என்றார். நம்பாமல்தான் நிமிர்ந்தேன். பெரியவர் நின்றார். இரண்டு நாள் மாடிப்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன், உங்கப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். மூன்றாம் வாரம் வலி போய்விட்டது.

அந்தச் சவாரியைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வது. காலை ஏழரைக்கு லாயத்தில் இருக்க வேண்டும். சின்னவள் முதலில் மிளகின் குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சின்னக் கொக்கியால் மண்ணை நோண்டி எடுப்பாள், உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவாள், சேணத்தைப் போட்டு வாரை இழுத்துக் கட்டுவாள், அப்புறம் என்னிடம் வந்து நான் கட்டியதை அவிழ்த்துச் சரியாகக் கட்டுவாள். வீட்டில் தன் கட்டில் விரிப்பை மடிக்காத பிள்ளை. முன்னால் வழிகாட்டிப் பெண், நடுவில் சின்னவள், கடைசியில் நான். வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயசுக்குள் இருக்கும், சின்னவள் அவளைக் குதிரையக்கா என்றுதான் கூப்பிடுவாள். மைதானத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறினால் காடு. உள்ளே நுழைந்ததும் சத்தமெல்லாம் குளம்புச் சத்தமாகிவிடும். ஈர இலைமேல் ஒரு மாதிரி, கல்மேல் ஒரு மாதிரி. மரத்தின் நடுவே வெயில் சாய்ந்து இறங்கும், குதிரைகளின் மூச்சு அதில் புகையாய்ப் போகும். இருபத்திரண்டு வருஷம் நாற்பது பேரைப் பின்னால் உட்கார வைத்து, சிக்னல் சிக்னலாக நின்று வண்டி ஓட்டியவளுக்கு, தனக்கே கண்ணும் காதும் உள்ள ஒரு வண்டியில் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பள்ளத்தை நான் பார்ப்பதற்குள் பெரியவர் பார்த்துவிடுவார்.

அதைவிடப் பெரிய அதிசயம், குதிரைமேல் ஏறினால் சின்னவள் பேசினாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒரு வார்த்தைக்கு மேல் வராதவள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போகும்போது மடை திறந்தாற்போலக் கொட்டினாள். கணக்கு டீச்சருக்குத் தன்னைப் பிடிக்காது, தோழி ஒருத்தி வேறு பள்ளிக்குப் போகிறாள், குதிரை நின்றுகொண்டே தூங்கும் தெரியுமா, அக்கா இல்லாத வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிறது, மிளகுக்கு இடது காதுப் பக்கம் சொறிந்தால்தான் பிடிக்கும், எல்லாம் ஒரே வரிசையில். நான் உம் கொட்டிக்கொண்டே போவேன். உன்னைப் பற்றி அவள் சொன்னபோது அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கடைசியில் போவதில் அந்த ஒரு வசதி உண்டு. சரிவான இடத்தில் குதிரையை லேசாக ஓட விடுவோம். அப்போது அவள் சிரிக்கிற சிரிப்பு, நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஊஞ்சலில் சிரிப்பாயே, அதே சத்தம். எனக்கு அது போதும். இந்த வயசில் தேவையா என்று கேட்டாயே, இதுதான் பதில்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்களுக்கு அது ஒன்பதாவது சவாரி. முந்தின நாள் மழை பெய்து வெறித்திருந்தது. லாயத்திலிருந்து நாலு கிலோமீட்டர் போனால் ஒரு பள்ளம், அதில் மரக்கதவு ஒன்று உண்டு. வழிகாட்டிப் பெண் குதிரையில் இருந்தபடியே குனிந்து தாழ்ப்பாளைத் திறக்கப் போனாள். புதருக்குள்ளிருந்து ஒரு பெரிய பறவை படபடவென்று எழும்பியது. அவளுடைய வெள்ளைக் குதிரை பக்கவாட்டில் ஒரே தாவு தாவியது. குனிந்திருந்தவள் கல்லின்மேல் விழுந்தாள். பெரியவர் ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்தார், மிளகு நாலடி பின்வாங்கியது, சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண்ணின் வலது பாதம் பார்க்கக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் முதலில் கேட்டது சின்னவள் விழவில்லையே என்றுதான்.

மூன்று போனையும் எடுத்துப் பார்த்தோம், பள்ளத்தில் ஒன்றிலும் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைப்பது ஓடையைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான், அது வரைக்கும் போகிறவர்கள் லாயத்துக்கே போய்விடலாம். மத்தியானம் வரை வராவிட்டால் தேடிக்கொண்டு வருவார்கள், காத்திருக்கலாம் என்று அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மணி அப்போது ஒன்பதேகால். அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது, மேகம் வேறு திரண்டு வந்தது. நான் போகலாம் என்றால் பெரியவரை மற்றக் குதிரைகள் இல்லாமல் தனியாக ஓட்டிப்போகிற சாமர்த்தியம் எனக்கில்லை. நடந்து போகலாம் என்றால், கால் உடைந்தவளையும் மூன்று குதிரைகளையும் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் எப்படிப் போவது. இதையெல்லாம் நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் பேசினாள்.

"அம்மா, நான் போறேன். எனக்கு வழி தெரியும்."

வழிகாட்டிப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எங்கள் டிப்போவில் புது டிரைவர் வந்தால் அவனைத் தனியாக அனுப்புவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன், வண்டியை எடுக்காதே, முதலில் ரூட்டை வாயால் ஓட்டிக் காட்டு என்பேன். அதையே இவளிடம் கேட்டேன். வரிசையாகச் சொன்னாள். சாய்ந்து கிடக்கிற மரம் வரைக்கும் நேர்ப்பாதை, அங்கே இரண்டாகப் பிரியும், இடது பக்கம் சேறு, அதனால் வலது பக்கம், மேடு ஏறி இறங்கினால் ஓடை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்தே லாயத்துக் கூரை தெரியும். ஒன்றுகூடத் தப்பில்லை. ஓடையில் இறங்கிக் குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு போ என்றேன். அவள் யோசித்துவிட்டு, "இறங்கினா அங்க தனியா ஏற முடியாதும்மா. மிளகுக்கு அந்தத் தண்ணி பழக்கம், மேலயே இருக்கேன்" என்றாள். அந்தப் பதிலைக் கேட்டதும்தான் முடிவு செய்தேன். எனக்குத் தெரியாத ஒன்றைச் சரியான காரணத்தோடு எனக்குச் சொல்கிற பிள்ளையைப் பிள்ளை என்று நிறுத்தி வைப்பது சரியில்லை. தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்தேன். நடக்க விடு, நேர்ப்பாதையில் மட்டும் லேசாக ஓடவிடு, நீ விழுந்தால் குதிரையக்காவுக்கு உதவி கிடையாது, அதனால் விழக்கூடாது என்றேன். சரி என்றாள்.

ஆனால் மிளகு கிளம்ப வேண்டுமே. குதிரைகளுக்குக் கூட்டத்தை விட்டுப் போகப் பிடிக்காது. பத்தடி போனது, திரும்பி எங்களிடமே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. போதாக்குறைக்குப் பெரியவர் என் கையில் இருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு காடே அதிரக் கனைத்தார், தன் வாழ்நாளில் அவசரப்பட்டது அன்றைக்குத்தான். நானாக இருந்தால் குதிரையைத் திட்டியிருப்பேன். சின்னவள் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அதே இடத்தில் சின்ன வட்டமாக ஒரு சுற்றுச் சுற்ற வைத்தாள், கழுத்தைத் தடவிக்கொண்டே காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள், இன்னொரு சுற்று, இன்னொன்று, நாலாவது சுற்றில் நேராகப் பாதையில் விட்டாள். மிளகு போனது. என்ன சொன்னாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, அது எங்களுக்குள்ளே என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இருந்தது நல்லதாயிற்று. இரண்டு குதிரைகளையும் தள்ளித் தள்ளிக் கட்டினேன். வெள்ளைக் குதிரையைப் பிடிக்கப் பையிலிருந்த ஆப்பிள் முழுசாகச் செலவாயிற்று. என் கோட்டையும் சேணத்துக்கு அடியில் போடுகிற துணியையும் அந்தப் பெண்மேல் போர்த்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தூங்கிவிடாமல் இருக்க என் ரூட்டில் ஏறுகிற ஆட்களைப் பற்றிச் சொன்னேன், தினமும் கூண்டோடு கிளியைக் கொண்டுவருகிறவர், டிக்கெட்டை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிற நிருபர். அந்த வலியிலும் சிரித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது சாய்ந்த மரம், இப்போது மேடு, இப்போது ஓடை என்று மனசால் சின்னவளோடு கூடவே போனேன். ஓடை வந்த நேரத்தில் கிளிக்காரர் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் பாதையையே பார்த்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, மிளகு அங்கே நிக்காது, நல்லாத் தாண்டிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். கால் உடைந்தது அவளுக்கு, ஆறுதல் எனக்கு.

பத்தரைக்கு ஜீப் சத்தம் கேட்டது. லாயத்துக்காரம்மா ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் சின்னவள் கையை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டு வந்தாள். முட்டிவரை சேறு, முகத்தில் ஒரு கீறல், மற்றபடி முழுசாக இருந்தாள். இறங்கியதும் என்னிடம் வருவாள் என்று கையை விரித்தேன், நேராகப் பெரியவரிடம் போய் அவரைக் கட்டியிருந்த கயிறு இறுகியிருக்கிறது என்று தளர்த்திவிட்டுத்தான் வந்தாள்.

அன்றைக்கு உங்கப்பாவுக்கு ஞாயிறு டியூட்டி. ஸ்ட்ரெச்சர் பின்னால் சேறும் சகதியுமாக நான் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே. நேராகப் போய் அந்தப் பெண்ணின் காலைப் படம் எடுத்தார், கணுக்காலில் இரண்டு எலும்பு, உடனே ஆபரேஷன். டாக்டர் அவரிடம், இன்னும் இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் அந்தப் பாதம் பழையபடி ஆவது கஷ்டம், ரத்த ஓட்டம் குறைய ஆரம்பித்திருந்தது என்று சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். சின்னவள் பெஞ்சில் பூட்ஸோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். திட்டுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவாத்தான் போனியா?" என்றார்.

"நடக்க வச்சுத்தான் போனேன்பா. ரெண்டு இடத்துல மட்டும் ஓடவிட்டேன்."

"நல்லாப் போயிருக்கே" என்றார். அவ்வளவுதான், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு எங்களை லாயத்தில் கொண்டுபோய் விட்டது அவர்தான். குதிரை ஏறவில்லை, ஏறவும் மாட்டார். ஆனால் இரண்டு பேருடைய தலைக்கவசத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் திரும்பி வரும்வரை தடுப்போரம் நின்றிருக்கிறார். அந்தப் பெண் தேறி வருகிறாள், மூன்று மாதத்தில் ஏறலாம் என்கிறார்கள். அவளுக்குப் பதிலாக லாயத்துக்காரம்மாவே முன்னால் வருகிறார். சின்னவள் இப்போது வீட்டிலும் பேசுகிறாள், சில நேரம் கொஞ்சம் நிறுத்தினால் தேவலை என்றிருக்கிறது. அவளைப் போனில் திட்டாதே. கேட்பதென்றால் மிளகு எப்படி இருக்கிறது என்று கேள், உனக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒன்றே ஒன்று உன்னிடம் சொல்லிவிட்டு முடிக்கிறேன், அதற்காகத்தான் காகிதம் எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். மிளகு நாலாவது சுற்றில் நேராகப் போனபோது நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், கையசைக்கலாம் என்று. அவள் திரும்பவில்லை. முதுகு நிமிர்ந்து, கண் பாதையிலேயே, அப்படியே மரங்களுக்குள் போய்விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போனபோதும் நான் இதே மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நீ திரும்பவில்லை. உன்னிடம் காட்டிக்கொண்டதில்லையே தவிர, அது எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது, உங்கப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிக் குறைபட்டிருக்கிறேன். அந்தப் பள்ளத்தில் நின்றபோதுதான் புரிந்தது. அவள் திரும்பிப் பார்த்திருந்தால் மிளகும் திரும்பியிருக்கும். நீயும் அப்படித்தான் போயிருக்கிறாய். நன்றாகப் போனாய், மகளே. இனிமேல் எனக்கு அந்தக் குறை இல்லை.

உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். உங்கப்பாவின் ஆசியும் சின்னவளின் முத்தமும் இதில் சேர்த்தி. உன் டிரைவிங் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கிற தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, போன தடவை மாதிரி ஒன்றை விட்டுவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா